ஓட்டையும் ஒட்டும்

கணிப்பொறி பயிலும் மாணவர் நால்வர் கூடும் இடத்தில் ஓயாது நிகழும் பட்டிமன்றம் ஒன்று உண்டு. பாதுகாப்பில் சிறந்த இயங்குதளம் எது, விண்டோசா, லினக்சா, ஆப்பிளின் மேக்கா என்பதே அதன் பொருள். ஒவ்வோர் அணியும் எண்களை அடுக்கும். எதிரணியின் தளத்தில் இத்தனை ஓட்டைகள் வெளிப்பட்டன, அவற்றை அடைக்க இத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குக் காட்டும். நடுவர் இல்லாத மன்றமாதலால் தீர்ப்பும் கிடைப்பதில்லை. தமிழ்த்துறை மலரில் இவ்வழக்கை எடுத்துரைப்பானேன் என்று பெரியோர் சிலர் வியக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழும் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் இன்று எந்தப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பவர்க்கு இவ்வழக்கு அனைவர்க்கும் உரியதே என்பது விளங்கும்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இயங்குதளம் என்பது கணிப்பொறியின் வன்பொருளையும் அதில் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து ஆளும் அடிப்படை மென்பொருள். அது கோடிக்கணக்கான வரிகளால் ஆனது, மனிதர் எழுதியது, ஆகவே பிழையற்று அமைவதில்லை. அப்பிழைகளுள் அயலான் உள்ளே நுழைய இடந்தருவனவற்றையே ஓட்டை என்கிறோம். அதனை அடைக்கத் தயாரிப்பாளர் அனுப்பும் திருத்தமே ‘பேட்ச்’ எனப்படும் ஒட்டு. இதனை ஒத்த காட்சியைக் காசிமேட்டில் ஆண்டுதோறும் காணலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பர். கணிப்பொறிக்கோ அத்தகைய தடைக்காலம் கிடையாது. கடலில் மிதந்துகொண்டிருக்கும்போதே அதற்கு ஒட்டுப் போட்டாக வேண்டும்.

இனிப் பட்டிமன்றத்தார் காட்டும் எண்களுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு ஃபாரஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. ஓட்டை வெளியுலகுக்குத் தெரிந்த நாள் முதல் ஒட்டு வந்த நாள் வரை மைக்ரோசாப்டுக்குச் சராசரியாக 25 நாளும், லினக்சை வழங்கும் ரெட் ஹேட், டெபியன் ஆகியோர்க்கு 57 நாளும் ஆயின என்பது அதன் முடிவு. விண்டோஸ் அணியினர்க்குக் கொண்டாட்டம். லினக்ஸ் வழங்குநர் நால்வர் கூடிக் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டனர். உயிர்போகும் ஓட்டையையும் ஒன்றுக்கும் ஆகாத ஓட்டையையும் ஒரே தராசில் நிறுத்துச் சராசரி காண்பது முறையன்று. பெரியதை உடனே அடைத்துவிட்டுச் சிறியதைப் பின்னர்ப் பார்ப்பதே எங்கள் வழக்கம் என்றனர். நியாயமான வாதமே.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2022 பிப்ரவரியில் கூகுளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழுவினர், 2019 முதல் 2021 வரை தாம் கண்டு தெரிவித்த ஓட்டைகளின் கணக்கை வெளியிட்டனர். அதில் லினக்சுக்குச் சராசரி 25 நாள், ஆப்பிளுக்கு 69, மைக்ரோசாப்டுக்கு 83. முன்பு மைக்ரோசாப்டுக்குக் கிடைத்த அதே 25 என்னும் எண் இப்போது லினக்சின் கையில்! தட்டு தலைகீழாகிவிட்டது. தளங்கள் மாறியது ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. கடிகாரம் ஓடத் தொடங்கும் இடம் இரண்டு கணக்கிலும் வேறு.

முதற்கணக்கில் ஓட்டை ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. நிறுவனத்தார் ஓர் ஓட்டையை ஆறு மாதம் மறைவாக வைத்திருந்து ஒட்டோடு சேர்த்தே அறிவித்தால் அவர்க்கு ஆன காலம் சுழியமாகிவிடும். எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசும் லினக்ஸ் மரபினர்க்கு அக்கணக்கில் தண்டனைதான் கிடைக்கும். இரண்டாம் கணக்கில் ஓட்டையைக் கண்டவர் தயாரிப்பாளரிடம் தெரிவித்த நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. இது மேலானது. ஆயினும் ஒரு குழுவினர் தாமே தேடிக் கண்ட ஓட்டைகளை மட்டுமே இது அறியும். மேலும், அப்பட்டியலில் கூகுள் என்னும் நிறுவனமும் ஒரு தேர்வராக அமர்ந்திருக்கிறது. தேர்வரின் வீட்டாரே தேர்வாளராகவும் இருப்பதைச் சுட்டுவது குற்றங்கூறலாகாது. தேர்வு நடத்திப் பழகிய ஆசிரியனின் இயல்பு அது.

ஓட்டைகளின் எண்ணிக்கையோ இன்னும் வழுக்கலானது. கண்டறியப்படும் ஒவ்வோர் ஓட்டைக்கும் சிவிஇ என்னும் வரிசையெண் தரும் முறை 1999 முதல் உள்ளது. 2024 பிப்ரவரியில் லினக்ஸ் கருவைப் பேணுவோர் அவ்வெண்ணைத் தாமே வழங்கும் உரிமை பெற்றனர். ஐயத்துக்கு இடமானவை அனைத்துக்கும் எண் தருவது என்று முடிவு செய்தனர். அதன்பின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. லினக்ஸ் ஒரே ஆண்டில் சல்லடையாகிவிட்டதா? பதிவேடு எழுதும் வழக்கம் மாறியது, அவ்வளவே. பிறப்பைப் பதிவு செய்யத் தொடங்கிய ஊரில் பிள்ளைகள் பெருகிவிட்டதாகக் கணக்குக் காட்டுவது போன்றது இது.

எந்த அணியும் தலைநிமிர்ந்து பேச இடமில்லை என்பதற்கு வரலாறே சான்று. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால் ஆயிரங் கண்கள் பார்க்கும், பிழை ஒளியாது என்பது லினக்ஸ் அணியின் பெருமை. ஆனால் 2014 செப்டம்பரில் வெளிப்பட்ட ‘ஷெல்ஷாக்’ என்னும் ஓட்டை 1989 முதல் அங்கேயே இருந்தது. கால் நூற்றாண்டு எவர் கண்ணிலும் படவில்லை. அதற்கு முதலில் வந்த ஒட்டும் முழுமையற்றதாகி, அடுத்தடுத்து ஒட்டுகள் வந்தன. 2016இல் அறியப்பட்ட ‘டர்ட்டி கவ்’ ஒன்பதாண்டு பழையது. ஆப்பிள் பக்கம் பார்ப்போம். ஜாவாவில் இருந்த ஓட்டை ஒன்றுக்கு ஆரக்கிள் நிறுவனம் 2012 பிப்ரவரியில் ஒட்டு வெளியிட்டது. மேக் கணிப்பொறிகளுக்கு அதனை ஆப்பிள் வழங்கியது ஏப்ரல் 3ஆம் நாள். இடைப்பட்ட ஏழு வாரத்தில் ‘ஃபிளாஷ்பேக்’ என்னும் தீநிரல் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணிப்பொறிகளில் புகுந்தது. மேக்கிற்கு நோயே வாராது என்று எண்ணியிருந்தோர் விழித்துக்கொண்டது அன்றுதான். அதே ஆப்பிள், 2017 நவம்பர் 28இல் கடவுச்சொல்லே இன்றி உள்ளே நுழையும் ஓட்டை வெளியானபோது மறுநாளே ஒட்டு வழங்கியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆக, தயாரிப்பாளரின் கடிகாரத்தை வைத்து நடத்தும் பட்டிமன்றத்தில் எந்த அணியும் வெல்லலாம். என் கருத்து யாதெனில், நம்மைப் பொறுத்தவரை அது பாதிக் கணக்கே. ஓட்டை தெரிந்தது முதல் ஒட்டு பிறந்தது வரை ஓர் இடைவெளி; ஒட்டு பிறந்தது முதல் அது நம் கணிப்பொறியை வந்தடைந்தது வரை மற்றோர் இடைவெளி. முதலாவதை அளந்து அட்டவணையிட ஆய்வாளர் பலர் உளர். இரண்டாவதைக் கொடுங்கையூரில் அளந்து பார்த்தவர் எவருமிலர். ஆனால் நாம் அடிபட்டது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

2017 மே 12ஆம் நாளை நினைவுகூர்வோம். ‘வான்னாகிரை’ என்னும் பணயத் தீநிரல் நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அத்தீநிரல் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் நாளிலேயே ஒட்டு வழங்கியிருந்தது. எண்ணிப் பாருங்கள், இடையில் 59 நாள்! மருந்து கடைக்கு வந்துவிட்டது. வாங்கி உண்டவர் இலர். பழைய எக்ஸ்பி தளத்தால் வந்த வினை என்று பலர் பேசினர். உண்மையில் பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 தளத்தில் இயங்கியவை. அத்தளத்துக்கு அன்று ஒட்டு இருந்தது.

அந்நாள்களில் எங்கள் பகுதி நகலகம் ஒன்றில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். முத்தமிழ் நகர், எழில் நகர்ப் பிள்ளைகள் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் தேர்வு முடிவுக்கும் நாடிச் செல்லும் சிறு கடை அது. மூன்று கணிப்பொறிகள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து கல்லூரி விண்ணப்பங்கள் குவிந்திருந்த வேளை. மூன்று திரைகளிலும் சிவப்புப் பலகை ஒன்று தோன்றி நின்றது. கடை உரிமையாளர் பெரியவர், நல்லவர், எவர் காசையும் அதிகம் வாங்கியறியாதவர். ‘அப்டேட் போட்டால் திரை கறுத்துப்போகும் சார், அதனால் பையன் அணைத்து வைத்துவிட்டான்’ என்றார். கணிப்பொறி பூட்டித் தந்தவர் உரிமமற்ற விண்டோசை ஏற்றியிருக்கிறார். போலிப் பிரதி என்று கண்டால் திரையின் பின்புலம் கறுக்கும், எச்சரிக்கை தோன்றும். அதற்கு அஞ்சிப் புதுப்பித்தலையே நிறுத்திவைப்பது அக்காலத்தில் எங்கும் இருந்த வழக்கம். கறுப்புத் திரைக்கு அஞ்சியவர்க்குச் சிவப்புத் திரை வந்து சேர்ந்தது. அன்று அங்கே பூட்டுண்டவை அவருடைய பொருள்களல்ல. பிள்ளைகள் நம்பி ஒப்படைத்த அமானிதம். மதிப்பெண் சான்றிதழின் வருடிய படங்களை மீண்டும் எடுக்க ஒரு வாரம் பிள்ளைகள் அலைந்தனர்.

பெரியவரை மட்டும் குறை கூறுவது தகாது. 2016க்கு முன் இணையத்தில் ஒரு ஜிபி தரவு இறக்குவது ஏழையின் கைப்பணத்தைக் கரைக்கும் செயலாக இருந்தது. பல நூறு எம்பி அளவுள்ள ஒட்டினை மாதந்தோறும் இறக்கு என்று அவரிடம் சொல்வது எளிது. உரிமம் பெற்ற பிரதியின் விலையோ அவர் கடையின் ஒரு மாத வாடகையை எட்டும். மேலும் ஒட்டினால் கேடே வாராது என்று எவரும் உறுதி கூற இயலாது. 2024 ஜூலை 19இல் கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பித்தல் ஒன்று 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச்சீட்டுகள் வழங்கப்பட்டன. ‘ஓடுகிற வண்டியைத் தொடாதே’ என்று பட்டறைக்காரர் கூறுவதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் ஒட்டால் வரும் கேடு ஒரு நாளில் தெரிந்து ஒரு வாரத்தில் நீங்கும். ஒட்டின்மையால் வரும் கேடு எப்போது வரும் என்றே தெரியாது.

சிறியவர் மட்டுமே இதில் தவறினர் என்றும் கருத வேண்டா. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பொது ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. நம் நாட்டு ஏடிஎம் இயந்திரங்களில் பல அதன் பின்னும் அத்தளத்திலேயே இயங்கின. 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கவலை தெரிவித்தது. பின்னர் 2018 ஜூனில், செப்டம்பருக்குள் கால்பங்கு, டிசம்பருக்குள் அரைப்பங்கு என்று தவணை விதித்து, 2019 ஜூனுக்குள் அனைத்தையும் மாற்றுமாறு பணித்தது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி! நகலகத்துப் பெரியவரின் 59 நாள் இதன்முன் எம்மாத்திரம்? கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து 14 கோடிக்கு மேற்பட்டோரின் விவரங்கள் 2017இல் களவு போயின. திறந்த மூல மென்பொருள் ஒன்றின் ஓட்டை அது; ஒட்டு மார்ச் மாதத்தில் வந்துவிட்டது; கள்வர் நுழைந்தது மே மாதத்தில். ஒட்டை விரைந்து தரும் திறந்த மூலமும், வாங்கிப் போடாதவனைக் காக்க இயலாது.

துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு மற்றொரு நிகழ்வு நெருக்கமானது. 2017 ஜூன் 27இல் ‘நாட்பெட்யா’ என்னும் தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமத்தின் கொள்கலன் முனையம் செயலிழந்து சரக்குகள் தேங்கின. பின்னர் அந்நிறுவனம் 4,000 வழங்கிகளையும் 45,000 கணிப்பொறிகளையும் பத்து நாளில் மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. வான்னாகிரை நுழைந்த அதே ஓட்டையை இதுவும் பயன்படுத்தியது. ஒட்டு வந்து நூறு நாள் கடந்திருந்தது. முழு உண்மையையும் சொல்வதானால், ஒட்டுப் போட்ட கணிப்பொறிகளையும் இது திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு கடந்தது. ஒட்டு மட்டுமே போதும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வரிசை நிற்கும் கொள்கலன் வண்டிகளின் ஓட்டுநர்க்கு இச்செய்தியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. முனையத்தின் திரை நின்றால் அவர்தம் அன்றைய கூலி நிற்கும்.

கைப்பேசிகளைப் பற்றி ஒரு சொல். ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின் மேல் எழுந்ததே. 2015இல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ ஓட்டை வெளிப்பட்டபின் கூகுள் மாதந்தோறும் ஒட்டு வழங்குகிறது. அது சில்லுத் தயாரிப்பாளரிடம் சென்று, கைப்பேசி நிறுவனத்தாரிடம் சென்று, அவர் மனம் வைத்தால் நம்மை அடையும். விலை மலிந்த கைப்பேசிகளுக்கு ஓரிரு ஆண்டுக்குப் பின் ஒட்டே வருவதில்லை. ஆகவே ‘லினக்ஸ் 25 நாள்’ என்று அட்டவணையைக் காட்டும் மாணவர், தம் சட்டைப்பையில் இருக்கும் லினக்சுக்குக் கடைசியாக ஒட்டு வந்த நாளைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவது நலம்.

ஒட்டு வருவது அடியோடு நின்றுபோகும் நாளும் ஒவ்வொரு தளத்துக்கும் உண்டு. விண்டோஸ் 10க்கு அந்நாள் 2025 அக்டோபர் 14. அடுத்த தளமான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணிப்பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்கு இயங்கும் பெட்டிகள் இதனால் பழம்பொருள் ஆகின்றன. அவற்றின் இறுதி யாத்திரை எங்கே முடியும் என்பதைக் கொடுங்கையூர்க்காரர்க்குச் சொல்லித்தர வேண்டுமா? நகரின் குப்பையில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இங்குள்ள கிடங்கில் மலையாகக் குவிந்தது. செம்புக் கம்பிக்காக மின்வடங்களை எரிக்கும் கரும்புகையை நுகர்ந்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஒட்டுக்காலம் முடிந்தது என்று ஒரு நிறுவனம் கடல் கடந்து அறிவிக்க, அதன் சாம்பல் எங்கள் மாடியில் விழுகிறது.

இவ்விடத்தில்தான் நான் லினக்ஸ் அணியின் பக்கம் சாய்கிறேன். அட்டவணையின் 25 நாளுக்காக அன்று. பத்தாண்டு பழைய பெட்டியையும் அது ஏற்கும். உரிமத்துக்குக் காசில்லை, ஆகவே கறுப்புத் திரைக்கு அஞ்சி ஒட்டை அணைத்து வைக்கவும் காரணமில்லை. நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது விண்டோசுடன் சேர்த்து வழங்கவும்பட்டது. நான் அறிந்த மாணவர் பலர் அதனைத் திறந்தே பார்த்ததில்லை. இடம் வேண்டும் என்று அழித்தவரும் உண்டு. குறை மாணவரிடம் மட்டுமா? அதில் பாடம் நடத்த நாமும் முன்வரவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கணிப்பொறித் துறை மாணவர்காள், உங்கள் பட்டிமன்றத்தை ஓராண்டு ஒத்திவையுங்கள். மூலக்கடை தொடங்கி எண்ணூர் வரை நகலகங்கள், பள்ளி அலுவலகங்கள், சிறு மருத்துவமனைகள், லாரி முன்பதிவு நிலையங்கள் ஆகியவற்றுக்குச் சென்று, இசைவு பெற்று, கடைசி ஒட்டு ஏறிய நாளைக் குறித்து வாருங்கள். அத்தகைய அட்டவணையை நான் எங்கும் கண்டதில்லை. நம் கல்லூரி தரலாம். ஜமாஅத் பெரியோர்களே, பிள்ளைகளின் ஆவணங்களைக் காக்கும் அலுவலகங்களுக்குக் கணிப்பொறி வழங்கும்போது அதனோடு உரிமத்தையோ உரிமம் வேண்டாத தளத்தையோ சேர்த்தே வழங்குங்கள். ஒட்டுப் போடும் பொறுப்பை ஒரு பிள்ளையின் பெயரில் எழுதி வையுங்கள்.

நகலகத்துப் பெரியவர் இன்றும் கடை நடத்துகிறார். இரண்டு கணிப்பொறிகளில் இப்போது லினக்ஸ். மூன்றாவதில் உரிமம் பெற்ற விண்டோஸ். சில அரசுத் தளங்களின் கையொப்பக் கருவி அதில்தான் ஒழுங்காக இயங்குகிறது என்கிறார். மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று ஒட்டு வெளியிடுவது 2003 முதல் உள்ள வழக்கம். நமக்கு அது அன்றிரவு வந்து சேரும். ஆகவே அவர் கடைச் சுவரின் நாட்காட்டியில், அச்செவ்வாய்க்கு மறுநாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அன்று மட்டும் கடை அரைமணி நேரம் தாமதமாகத் திறக்கும்.